யாரோ நினைக்கிறார்கள்

சாப்பிடும்போது நமக்குப் புரை ஏறினால் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "யாரோ உன்னை நினைத்துக்கொள்கிறார்கள்" என்பார்கள். நாமும் கண்ணில் நீர் தளும்ப, இருமிக்கொண்டே, யாராக இருக்கும் என்று யோசிப்போம். ஊரிலிருக்கும் அத்தையா, கடன் கொடுத்த நண்பரா என்று தீர்மானமாவதற்குள் இருமல் நின்றுவிடும், ரசம் ஆறிப்போயிருக்கும். இந்த அற்ப விஷயத்துக்குப் பின்னால் மூவாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், முன்பெல்லாம் நான் சிரித்திருப்பேன்.

என் சிரிப்பை நிறுத்தியது அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இளையவன் கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போனான். பள்ளிக்கூடத்து நாளில் நூறு தடவை குதித்த குளந்தானே என்று படித்துறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தான். குளம் அதேதான்; தண்ணீர்தான் அந்த வருஷம் பாதி வற்றியிருந்தது. கழுத்தில் ஐந்தாவது முள்ளெலும்பு நொறுங்கியது. ஆபரேஷன் ஆயிற்று, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள், சில வாரங்கள் இயந்திரம் மூச்சு விட்டது. மூன்று மாதம் கழித்துக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தோளை அசைப்பான், முழங்கையை மடக்குவான். மற்றதெல்லாம் படுக்கையோடு.

பார்க்கப் போன எங்களில் பலருக்கு அவன் கால்தான் கண்ணில் பட்டது. "நடப்பானா?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். உறவினர் ஒருவர், "இனிமேல் நம் கையில் என்ன இருக்கிறது?" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். பெருமூச்சு விடுவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் நான் இருக்கும்போதே மாமி அவனுக்கு டம்ளரில் காப்பி புகட்டினாள். அவன் மல்லாந்து படுத்திருந்தான். இரண்டாவது வாய் உள்ளே போனதும் அவன் முகம் கறுத்தது. இருமல் என்று சொல்லத் தக்க சத்தம் எதுவும் வரவில்லை. தொண்டையில் ஏதோ நீர் கொதிப்பதுபோல மெல்லிய களகளப்பு மட்டுந்தான். மாமி வழக்கப்படி தலையில் தட்டினாள். "யாரோ நினைச்சுக்கறாடா" என்றாள். அதற்குள் மூத்தவன் ஓடி வந்தான். தம்பியின் விலா எலும்புக்குக் கீழே வயிற்றில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, "இப்போ!" என்று சொல்லி, அவன் இரும முயலும் அதே கணத்தில் மேல் நோக்கி அழுத்தினான். மூன்றாவது அழுத்தலில் காப்பி வெளியே வந்தது. பையன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தான். பிறகு ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தையாகச் சொன்னான்: "நினைக்கறவா... கொஞ்சம் மெதுவா... நினைக்கட்டும், அம்மா."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறு நாளிலிருந்து புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

மனிதன் ஒரு நாளைக்கு 21,600 தடவை மூச்சு விடுகிறான் என்பது நம்மவர்கள் பழைய கணக்கு. சிதம்பரத்துப் பொன்னம்பலக் கூரையில் அத்தனை பொன் ஓடுகள் வேய்ந்திருப்பதாகவும் சொல்வார்கள். நிமிஷத்துக்குப் பதினைந்து வீதம் பெருக்கிப் பாருங்கள். கணக்குச் சரியாக வரும். இன்றைய டாக்டரும் அதைப் பெரிதாக மறுக்கமாட்டார். இந்த மூச்சுகளில் பெரும் பங்கு வேலையைச் செய்வது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை. அது வயிற்றுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதை ஆட்டி வைக்கும் நரம்பு புறப்படுவது கழுத்திலிருந்து. தண்டின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது படிகளிலிருந்து. ஆகவே கழுத்தில் காயம் அந்தப் படிகளுக்கு மேலே என்றால் மூச்சு நிற்கும். கீழே என்றால் மூச்சு பிழைக்கும். ஆனால் இருமல் பிழைக்காது. ஏனென்றால் இருமுவதற்கு வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் வேண்டும். அவற்றுக்கு உத்தரவு போகிற பாதை இன்னும் கீழே இறங்க வேண்டும். எங்கள் தெருப் பையனின் நிலைமை அதுதான்.

விழுங்குவதோ வேறு இலாகா. அதற்கு உத்தரவு நேரே மூளையிலிருந்து வருகிறது. முதுகுத் தண்டுக்கு அதில் பங்கு இல்லை என்றே சொல்லலாம். பின்னே கழுத்து முறிந்தவனுக்கு ஏன் விழுங்க முடிவதில்லை? இந்தக் கேள்வி என்னைச் சில நாள் குழப்பியது. விடை தொண்டையின் அமைப்பில் இருக்கிறது. நம் தொண்டை லஸ் முனை மாதிரி. காற்றுப் போகும் சாலையும் சோறு போகும் சாலையும் அங்கே குறுக்கிடுகின்றன. ஒரு கவளம் வரும்போது குரல்வளை மேலே எழும்பி, மூடி ஒன்று கவிந்து, மூச்சு ஒரு கணம் நின்று வழி விடுகிறது. போலீஸ்காரர் கை காட்டுகிற மாதிரி. கழுத்தில் அடிபட்டால் தொண்டையின் பின் சுவர் வீங்கிப்போகிறது. ஆபரேஷனைக் கழுத்தின் முன் பக்கமாகச் செய்தால் மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒதுக்கிவிட்டுத்தான் எலும்பை எட்ட வேண்டும். துளை வழியாகச் செருகிய குழாயோ, குரல்வளை தாராளமாக மேலே எழும்பவிடாமல் தடுக்கிறது. கழுத்துப் பட்டை தலையைக் குனியவிடுவதில்லை. போதாக்குறைக்கு, மேலோட்டமாக அவசரம் அவசரமாக மூச்சு விடுகிறவனுக்கு, விழுங்குவதற்காக ஒரு கணம் மூச்சை நிறுத்துவதே பெருஞ் செலவு. கவளம் தப்பான சாலையில் திரும்புகிறது. நமக்கானால் இருமல் வந்து அதைத் துரத்திவிடும். அவனுக்குத் துரத்த ஆள் இல்லை. சில பேருக்குப் புரை ஏறியதே வெளியில் தெரிவதில்லை. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது, நிமோனியா என்கிறார்கள்.

கழுத்து முறிந்தவர்களைச் சரித்திரம் நெடுகக் கொன்றதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

1862-ஆம் வருஷம் எகிப்தில் லக்ஸர் என்ற ஊரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட பிரதி அது. மூலம் அதைவிடப் பழையது என்கிறார்கள். ஜேம்ஸ் ஹென்ரி பிரெஸ்டெட் என்ற பண்டிதர் 1930-இல் அதை மொழிபெயர்த்து வெளியிட்டபோது உலகம் வியந்தது. உள்ளே மந்திரமும் தந்திரமும் மிகக் குறைவு. 48 காயங்களைப் பற்றிய நிதானமான வைத்தியக் குறிப்புகளே இருந்தன. அதில் 31-வது, கழுத்து முள்ளெலும்பு விலகியவனைப் பற்றியது. கையும் காலும் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. சிறுநீர் தானே வழிகிறது. இத்தனையையும் கவனித்து எழுதிய அந்த வைத்தியர், இது சிகிச்சை செய்வதற்கில்லாத வியாதி என்று முடித்துவிட்டார். அவர் கொடியவரல்ல, உண்மையைச் சொன்னார். ஆனால் அந்தத் தீர்ப்பு மூவாயிரத்தைந்நூறு வருஷம் மேல்முறையீடே இல்லாமல் நின்றது.

நடுவில் ரோமானியர் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், காலென் என்ற வைத்தியர் இருந்தார். வாள் வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப் போட்டுப் பழகியவர். அவர் மிருகங்களின் தண்டை வெவ்வேறு இடங்களில் வெட்டிப் பார்த்தார். மேல் முனையில் வெட்டினால் உடனே மரணம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் வெட்டினால் மூச்சு நின்றது. ஆறாவதற்குக் கீழே வெட்டினால் மார்புத் தசைகள் ஓய்ந்தாலும் உதரவிதானம் மூச்சை நடத்தியது. நான் மேலே சொன்ன படிக்கட்டுக் கணக்கை அன்றே அவர் கண்டுவிட்டார். காரணம் தெரிந்தது, காப்பாற்றத் தெரியவில்லை.

1917-இல் ஜெர்மனியில் ஒரு காட்சி. லுட்விக் குட்மான் என்ற இளைஞன் சுரங்கத் தொழிலாளர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஏவலாளாக இருந்தான். முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவனைக் கொண்டுவந்து, மற்றவர் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். அவனைப் பற்றிக் குறிப்பெழுத முனைந்த குட்மானுக்கு, "வீண் வேலை, சில வாரத்தில் போய்விடுவான்" என்ற பதில் கிடைத்தது. ஐந்து வாரத்தில் போயும் விட்டான். குட்மான் மறக்கவில்லை. யூதரானபடியால் ஹிட்லருக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்துக்கு ஓடிய அவர், 1944 பிப்ரவரி முதல் தேதி ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டுக் காயத்துக்கென்றே ஒரு பிரிவைத் திறந்தார். அங்கே அவர் செய்த அற்புதம் என்ன தெரியுமா? இரண்டு மணிக்கு ஒரு தரம், இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். படுக்கைப் புண் வரவில்லை. நெஞ்சில் சளி ஒரே இடத்தில் தேங்கவில்லை. பென்சிலின் வேறு அப்போது கைக்கு வந்திருந்தது. சாக வேண்டியவர்கள் சாகவில்லை. சாகாதவர்கள் சும்மா கிடப்பானேன் என்று 1948 ஜூலை 29-இல், லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிய அதே நாளில், 16 பேரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து அம்பெய்யச் சொன்னார். இன்றைய பாராலிம்பிக் பந்தயங்களுக்கு அதுதான் விதை.

ஆனால் மூச்சே நின்றவனை என்ன செய்வது? அதற்கு விடை வேறொரு வியாதியின் வழியாக வந்தது. போலியோ. அது காயமல்ல, கிருமி. ஆனால் அது தாக்குவதும் முதுகுத் தண்டையே. சில பேருக்கு மூச்சோடு விழுங்கும் சக்தியையும் பறித்துவிடும். தங்கள் எச்சிலிலேயே மூழ்கிப்போவார்கள். 1928-இல் பாஸ்டனில் டிரிங்கர், ஷா என்ற இருவர் ‘இரும்பு நுரையீரல்’ செய்தார்கள். நோயாளியைத் தலை மட்டும் வெளியே நீட்டப் பெட்டிக்குள் படுக்க வைத்துக் காற்றழுத்தத்தால் மூச்சு விடச் செய்யும் யந்திரம் அது. மூச்சை அது கவனித்தது; தொண்டையில் தேங்கும் எச்சிலுக்கு அதனிடம் பதில் இல்லை.

1952-இல் கோபன்ஹேகன் நகரில் போலியோ வெள்ளமாகப் பெருகியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் இருந்த இரும்பு நுரையீரல் ஒன்றே ஒன்று. மூச்சும் விழுங்கலும் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் மாண்டுகொண்டிருந்தார்கள். மயக்க மருந்து டாக்டரான ப்யோர்ன் இப்ஸன் ஒரு யோசனை சொன்னார். ஆகஸ்டு 27-ஆம் தேதி, மரணத் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டு, காற்றடைத்த பட்டையோடு கூடிய குழாயைச் செருகினார்கள். பட்டை எச்சிலைத் தடுத்தது. குழாயின் மறு முனையில் ஒரு ரப்பர்ப் பை. அதைக் கையால் அமுக்கி அமுக்கி நுரையீரலுக்குக் காற்று அனுப்பினார்கள். சிறுமி பிழைத்தாள். சரி, மற்றவர்களுக்குப் பையை அமுக்க யார்? சுமார் 1,500 வைத்திய மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு மூச்சு, ஒரு அமுக்கு. இரவெல்லாம், வாரக் கணக்கில், மாதக் கணக்கில். மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு ஆஸ்பத்திரிதோறும் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேதான் பிறந்தது. நாலாவது வீட்டுப் பையனுக்குச் சில வாரம் மூச்சு விட்ட யந்திரம், அந்த மாணவர்களின் கைகளுக்குப் பிற்பாடு வந்த வாரிசு. இரும்பு தோற்ற இடத்தில் கை ஜயித்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு ஆபரேஷனுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1954 ஜனவரியில் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ், சகாக்களோடு பிரயாணம் போன வண்டி விபத்துக்குள்ளானது. இடுப்புக்குக் கீழே உடம்பு செத்தது. நல்ல வேளை, காயம் கழுத்துக்குக் கீழே. கைகளும் மூச்சும் தப்பின. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் நியூயார்க்குக்கும் போய் மறுவாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பினார். அவர் உழைப்பில் 1966-இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையத்துக்கு நோயாளி மட்டும் போவதில்லை. வீட்டார் ஒருவரும் கூடப் போய்த் தங்கி, புரட்டவும் இருமச் செய்யவும் ஊட்டவும் கற்றுக்கொள்கிறார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1986-இல் காலமானார்.

1975 ஜனவரி 10-ஆம் தேதி, தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற இஞ்சினீயரிங் மாணவர், கடற்படை உத்தியோகத் தேர்வுக்காகப் பெங்களூர் போனவர், கடைசிப் பரீட்சையில் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. எகிப்திய வைத்தியர் எழுதிய 31-வது நோயாளி அவரேதான். ஆனால் தீர்ப்பு வேறாக இருந்தது. விமானப் படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் அவருக்கு வைத்தியத்தோடு தைரியத்தையும் கொடுத்தார். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981-இல், அந்த டாக்டரின் பேரிலேயே அமர் சேவா சங்கம் என்று ஓலைக் கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு ஆரம்பித்தார். அது வளர்ந்து பெருகியதைத் தென்காசிச் சீமை முழுவதும் அறியும். 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ வந்தது.

கிறிஸ்டோபர் ரீவ் என்ற அமெரிக்க நடிகரை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். வெள்ளித் திரையில் ஆகாயத்தில் பறந்தவர். 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தின் உச்சியிலேயே முறிந்தது. எட்டு வருஷம் யந்திரத்து மூச்சு. 2003-இல் உதரவிதானத்தில் மின்கம்பிகள் பொருத்தி அதைத் தூண்டினார்கள். சிறிது நேரமாவது மூக்கு வழியாகத் தாமே மூச்சு இழுக்க முடிந்தபோது, அவருக்கு மறுபடியும் வாசனை தெரிந்தது. நாம் தினம் காலையில் டிகாக்ஷன் இறங்கும்போது ஓசியில் அனுபவிப்பதை அவர் எட்டு வருஷம் காத்திருந்து பெற்றார். அடுத்த வருஷம் காலமானார்.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நம் ஊர்த் தெருவில் விபத்து நடந்தால் முதலில் வருவது எது? சோடா. ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, இன்னொருவர் தலையைத் தூக்கி வாயில் சோடாவை ஊற்றுவார். மூவரும் புண்ணியவான்கள். ஆனால் முறிந்த கழுத்தை மடக்குவதும், இரும முடியாதவன் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கொலைக்குச் சமானம். கழுத்தை அசைக்காமல், வாயில் ஒன்றும் ஊற்றாமல், 108-க்குச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பதுதான் அந்த நேரத்தில் பேருபகாரம். படுக்கையோடு இருப்பவருக்கு மல்லாந்த நிலையில் பால் புகட்டும் அன்பும் இந்த ஜாதிதான். நானே என் கையால் அப்படிப் புகட்டியிருக்கிறேன். அன்பு போதாது, அன்புக்குக் கொஞ்சம் படிப்பும் வேண்டும்.

மாமி அந்தப் படிப்பைப் படித்துவிட்டாள். வாரம் இரண்டு தடவை வருகிற பிசியோதெரபிப் பெண்ணும், விழுங்கப் பயிற்சி கொடுக்கும் இன்னொரு பெண்ணும்தான் வாத்தியார்கள். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கழுத்து முறிந்தவனுக்கு மூச்சு விடச் சுலபம் படுக்கையில். உட்கார்ந்தால் தளர்ந்த வயிறு முன்னால் சரிந்து, உதரவிதானத்துக்குப் பிடிமானம் போய்விடும். விழுங்கச் சுலபமோ உட்கார்ந்தால்தான். இரண்டுக்கும் வழக்கு. வயிற்றைச் சுற்றி அகலமான பட்டை ஒன்றைக் கட்டி வழக்கைத் தீர்த்தார்கள். பட்டை கட்டி, நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியால் ஒரு வாய். அவன் விழுங்கி மூச்சு விட்ட பிறகுதான் அடுத்த வாய். தண்ணீர்தான் ரொம்பச் சண்டி. முதலில் கூழும் குழைந்த சாதமும்தான். எக்ஸ்ரேயில் அவன் விழுங்குவதைப் படம் பிடித்துப் பார்த்த பிறகே காப்பிக்கு அனுமதி கிடைத்தது. ஒரு டம்ளருக்கு அரை மணி ஆகும். அந்த அரை மணியும் மாமி வேறு எங்கும் பார்ப்பதில்லை. டெலிபோன் மணி அடித்தால் அடிக்கட்டும்.

போன வாரம் போயிருந்தேன். அவன் பேசிக்கொண்டே குடித்ததில் புரை ஏறிவிட்டது. மாமியின் கை தலைக்குப் போகவில்லை. நேரே விலாவுக்குக் கீழே போயிற்று. "இப்போ!" என்றாள். ஒரே அழுத்தல். சரியாகிவிட்டது.

"யார் நினைச்சா, அம்மா?" என்று கேட்டான் பையன்.

மாமி பதில் சொல்லவில்லை. புடைவைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.